ஒரு நீர்நிலையைத் தொடர்ந்து அளந்து கண்காணிப்பது எப்படி?

ஓர் ஏரியின் நீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்பதை அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லிவிட முடியாது. கடல்மட்ட உயரத்தில், காற்றோடு சமநிலையில் இருக்கும் 15 டிகிரி செல்சியஸ் நன்னீர் சுமார் 10.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கொண்டிருக்கும். அந்த வெப்பநிலையில் 8 என்பது 79 விழுக்காடுதான். ஏதோ ஒன்று நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். 30 டிகிரியிலோ நீர் கொள்ளக்கூடிய அளவே சுமார் 7.6 மில்லிகிராம்தான். அங்கே 8 என்பது நூறு விழுக்காட்டைத் தாண்டிய நிலை. வெயிலில் பாசி மும்முரமாக ஒளிச்சேர்க்கை செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். பிற்பகலில் இப்படி நிரம்பி வழியும் அதே நீர், இரவு முழுவதும் பாசியும் பாக்டீரியாவும் சுவாசித்து முடித்த விடியற்காலையில் 2 அல்லது 3 மில்லிகிராமுக்கு இறங்கி, மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடும் நிலையை அடையலாம்.

ஆகவே எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எந்த நேரத்தில், எந்த வெப்பநிலையில் எடுத்தது என்ற நான்கும் சேர்ந்தால்தான் ஒரு அளவீடு அளவீடாகிறது. எளிய கருவிகளைக் கொண்டு ஒரு குளத்தையோ ஏரியையோ ஓடையையோ பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்க விரும்பும் மாணவர்கள், ஆசிரியர்கள், குடியிருப்போர் குழுக்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஒரு நீர் குடிக்கத் தகுந்ததா என்று தீர்மானிப்பது இதன் நோக்கம் அன்று. அது அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் வேலை.

கேள்வியை முதலில் எழுதுக

கருவி வாங்குவதற்கு முன்பு, எதை அறிய விரும்புகிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது. ஒரு வடிகால் ஓடையைக் கெடுக்கிறதா என்பது ஒரு கேள்வி. ஏரியில் ஊட்டச்சத்து மிகுந்து பாசி பெருகுகிறதா என்பது வேறொரு கேள்வி. நீர் ஆண்டுக்கு ஆண்டு வெப்பமடைகிறதா என்பது இன்னொன்று. மூன்றுக்கும் அளக்கும் இடமும் வேறு, நேரமும் வேறு. எல்லாவற்றையும் அளந்துவிடலாம் என்று தொடங்கும் குழுக்கள் பெரும்பாலும் சில மாதங்களில் சோர்ந்துவிடுகின்றன. நான்கு அளவீடுகளை ஐந்து ஆண்டுகள் எடுப்பது, இருபது அளவீடுகளை ஐந்து மாதம் எடுப்பதைவிட எவ்வளவோ மேல்.

வடிகாலின் பாதிப்பை அறிய வேண்டுமானால் குறைந்தது மூன்று இடங்கள் தேவை. வடிகால் கலப்பதற்கு மேலே ஓர் இடம், கலந்த பின் கீழே ஓர் இடம், மேலும் கீழே தொலைவில் ஓர் இடம். இரண்டாவது இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கழிவுநீர் ஓடையில் விழுந்தவுடன் அகலம் முழுவதும் பரவிவிடுவதில்லை. நெடுந்தொலைவுக்கு ஒரு கரையை ஒட்டியே ஓடும். இடக்கரை, நடு, வலக்கரை ஆகிய மூன்றிலும் மின்கடத்துதிறனை (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் எண்) அளந்து பார்த்து, மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக வரும் இடம் வரை கீழே இறங்கிச் செல்ல வேண்டும். அங்கேதான் கலப்பு முடிந்திருக்கிறது.

மூன்றாவது இடம் ஏன் என்ற ஐயம் எழலாம். கழிவிலுள்ள கரிமப் பொருளைப் பாக்டீரியா சிதைக்கச் சிதைக்கத்தான் ஆக்சிஜன் குறைகிறது. அதற்கு நேரம் பிடிக்கிறது. அதற்குள் நீர் ஓடிவிடுகிறது. எனவே ஆக்சிஜன் மிகக் குறைந்திருப்பது வடிகாலின் வாயில் அன்று, அதற்குக் கீழே வெகு தொலைவில்தான். ஒருபுறம் சிதைவு ஆக்சிஜனை உறிஞ்ச, மறுபுறம் காற்றிலிருந்து அது மீண்டும் கரைய, இரண்டுக்கும் இடையிலான போட்டியை ஸ்ட்ரீட்டர், பெல்ப்ஸ் என்ற இருவர் அமெரிக்காவின் ஒகையோ ஆற்றை ஆராய்ந்து 1925இல் கணிதச் சமன்பாடாக எழுதினார்கள். வடிகால் வாயிலேயே அளந்துவிட்டு ஆக்சிஜன் நன்றாகத்தான் இருக்கிறது என்று அறிக்கை தருபவர்கள், அறிந்தோ அறியாமலோ, அந்தச் சரிவு தொடங்குவதற்கு முன்பே அளந்துவிடுகிறார்கள்.

மாதிரி எடுத்தல்

புட்டியைச் சோதிக்கப்போகும் நீரிலேயே மூன்று முறை அலசி, அலசிய நீரை எடுக்கும் இடத்துக்குக் கீழ்ப்புறம் கொட்ட வேண்டும். கிருமிச் சோதனைக்கான, கிருமிநீக்கம் செய்த புட்டியை மட்டும் அலசக்கூடாது. ஓடையில் இறங்கி நிற்பவர் நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, தம் காலடியில் கிளம்பும் சேறு புட்டிக்குள் வராதபடி கைக்கெட்டும் தூரத்தில், மேற்பரப்பிலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிரப்ப வேண்டும். மேற்பரப்பில் மிதக்கும் எண்ணெய்ப் படலமும் தூசியும் அடியிலுள்ள வண்டலும் மாதிரியில் சேர்ந்துவிடக்கூடாது என்பதே இதன் காரணம். மழைக்குப் பிந்திய வேகமான நீரில் முழங்காலுக்கு மேல் இறங்கவே வேண்டாம். கயிற்றில் கட்டிய வாளி போதும்.

பாஸ்பேட் சோதனைக்கான புட்டியைச் சலவைத்தூள் கொண்டு கழுவக்கூடாது. பல தூள்களில் பாஸ்பேட் கலந்திருப்பதால், புட்டியின் சுவரில் ஒட்டிய துளியே முடிவைக் கெடுத்துவிடும். பத்து மாதிரிகளுக்கு ஒன்றாவது இரட்டையாக எடுப்பதும், காய்ச்சி வடித்த நீரை நிரப்பிய ஒரு புட்டியைக் களத்துக்கு எடுத்துச் சென்று மற்றவற்றைப் போலவே சோதிப்பதும் நல்ல வழக்கம். வெறும் நீரில் பாஸ்பேட் இருப்பதாக முடிவு வந்தால், ஏரியை அன்று, புட்டியையும் வேதிப்பொருளையும் சந்தேகிக்க வேண்டும். இடத்தின் பெயர், நாள், மணி, எடுத்தவர் ஆகியவற்றைப் புட்டியின் மூடியில் அன்றி உடலில், தண்ணீர் பட்டு அழியாத மையால் எழுத வேண்டும். மூடிகள் இடம் மாறிவிடும்.

வெப்பநிலையும் ஆக்சிஜனும்

முதல் அளவீடு எப்போதும் வெப்பநிலைதான். மற்ற எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் படிக்க வேண்டும். வெப்பமானியை நீரிலிருந்து வெளியே எடுத்துப் படித்தால், ஈரம் ஆவியாகும்போது அது குளிர்ந்துவிடுகிறது. குமிழ் நீருக்குள் இருக்கும்போதே, நிழலில், இரண்டு நிமிடம் பொறுத்துப் படிக்க வேண்டும். ஏரியானால் மேற்பரப்போடு நிற்காமல் மீட்டருக்கு ஒன்றாக அடிவரை அளப்பது மிகவும் பயன்தரும். வெயில் காலத்தில் மேல்நீர் சூடேறி இலேசாகி மிதக்க, குளிர்ந்து கனத்த நீர் அடியில் தங்கிவிடுகிறது. இடைப்பட்ட ஓர் அடுக்கில் ஒரே மீட்டர் ஆழத்துக்குள் வெப்பநிலை சடாரென இறங்குவதைக் காணலாம். அந்த அடுக்கு உறுதியாக இருக்கும்வரை மேல்நீரின் ஆக்சிஜன் அடிக்குச் செல்வதில்லை.

காலநிலை மாற்றம் நீர்நிலைகளைத் தொடும் முக்கியமான வழிகளுள் இது ஒன்று. மேல்நீர் மேலும் சூடேறினால் அடுக்கமைவு முன்னதாகவே உருவாகி, பிந்தியே கலைகிறது. அடிநீர் மூச்சடைத்துக் கிடக்கும் நாட்கள் நீள்கின்றன. மிதவெப்ப மண்டலத்து ஏரிகள் சுமார் 400இன் நீண்டகாலப் பதிவுகளைத் தொகுத்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, 1980 முதல் மேல்நீரில் 5.5 விழுக்காடும் அடிநீரில் 18.6 விழுக்காடும் ஆக்சிஜன் குறைந்திருப்பதாகக் காட்டியது. மேல்நீரில் இருப்பது பெரும்பாலும் கரைதிறனின் குறைவு. அடிநீரில் இருப்பது அடுக்கமைவும் கலங்கலும் சேர்ந்து விளைவித்த இழப்பு. கரையில் நின்று மேல்நீரை மட்டும் அளப்பவருக்கு இரண்டாவது எண் ஒருபோதும் தெரியவராது.

ஆக்சிஜனை அளக்க ஒளியியல் உணரி கொண்ட மானிகள் இன்று பரவலாகக் கிடைக்கின்றன. வசதி இருந்தால் அவையே எளிது. ஆனால் அவற்றைச் சரிபார்க்கவும், மானி இல்லாதவர்களுக்கும், அங்கேரிய வேதியியலாளர் லயோஷ் விங்க்லர் 1888இல் வகுத்த முறைக்கு ஈடில்லை. ஒருமுறை கைப்பழகிவிட்டால் அது தரும் முடிவின் நம்பகத்தன்மை வியப்பூட்டும். அதனால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சரிவாகத் தேய்த்த கண்ணாடி அடைப்பான் கொண்ட 300 மில்லிலிட்டர் புட்டி வேண்டும். மாதிரி நீரை மேலிருந்து ஊற்றினால் வழியிலேயே காற்று கலந்துவிடும். ஆகவே மெல்லிய குழாயைப் புட்டியின் அடிவரை விட்டு, அடியிலிருந்து மெதுவாக நிரப்பி, புட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீர் வழிந்தோடும்வரை விட வேண்டும். கழுத்தில் ஒரு சிறு குமிழ்கூடத் தங்காமல் அடைப்பானைப் போட வேண்டும். பிறகு அடைப்பானைத் திறந்து, பிப்பெட்டின் நுனியை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, மாங்கனஸ் சல்பேட் கரைசலில் 2 மில்லிலிட்டரும், அடுத்து அசைடு கலந்த கார அயோடைடு கரைசலில் 2 மில்லிலிட்டரும் சேர்த்து, மூடித் தலைகீழாகப் பலமுறை புரட்ட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பஞ்சுபோன்ற பழுப்பு வீழ்படிவு தோன்றும். ஆக்சிஜன் மிகுந்திருக்கும் அளவுக்குப் பழுப்பும் அடர்ந்திருக்கும். வீழ்படிவு வெண்மையாகவே நின்றுவிட்டால் அந்த நீரில் ஆக்சிஜன் இல்லை. மேற்கொண்டு எதையும் அளக்கத் தேவையில்லாத ஒரு முடிவு அது.

வீழ்படிவு பாதிப் புட்டிக்கு இறங்கியதும் மறுபடி புரட்டி, மீண்டும் இறங்கவிட்டு, அதன் பிறகே அடர் கந்தக அமிலத்தில் 2 மில்லிலிட்டரைப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொண்டு சேர்க்க வேண்டும். வீழ்படிவு கரைந்து, அயோடின் விடுபட்டு, கரைசல் தேன் நிறம் பெறும். இந்த நிலையில் ஆக்சிஜன் நிலைநிறுத்தப்பட்டுவிட்டது. இருட்டில் வைத்துச் சில மணி நேரம் கழித்துக்கூட மிச்ச வேலையைச் செய்யலாம். 200 மில்லிலிட்டரை எடுத்து, பியூரெட்டிலிருந்து 0.025 நார்மல் செறிவுள்ள சோடியம் தயோசல்பேட் கரைசலைத் துளித்துளியாக விட்டு, வைக்கோல் நிறத்துக்கு வெளிறியதும் ஸ்டார்ச் கரைசலைச் சேர்த்தால் நீலம் தோன்றும். அந்த நீலம் மறையும் முதல் துளியில் நிறுத்திவிட வேண்டும். சில நிமிடம் கழித்து நீலம் திரும்பி வந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. இந்தச் செறிவிலும் கன அளவிலும் செலவான ஒவ்வொரு மில்லிலிட்டரும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்சிஜனுக்குச் சமம். கணக்கே தேவையில்லாதபடி இந்த எண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. அசைடு நச்சுப்பொருள், அமிலமோ கடுமையானது; எனவே மாணவர்கள் இதைப் பயிற்சி பெற்றவர் அருகில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும். கழிவு நீர்மத்தை அளந்த நீர்நிலையிலேயே கொட்டிவிட்டுப் போகும் கொடுமையையும் செய்யக்கூடாது.

கிடைத்த எண்ணை, அந்த வெப்பநிலையில் நீர் கொள்ளக்கூடிய ஆக்சிஜனின் அளவைத் தரும் நிறைவு அட்டவணையோடு ஒப்பிட்டு விழுக்காடாக மாற்றி எழுத வேண்டும். 0 டிகிரியில் 14.6, 10இல் 11.3, 20இல் 9.1, 25இல் 8.3, 35இல் 6.9 மில்லிகிராம் என்பவை நினைவில் வைக்கத்தக்க புள்ளிகள். இவை கடல்மட்டத்துக்கானவை. 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவதால், நிறைவு அளவும் அவ்வளவு குறையும். வெப்பநிலை ஏற ஏற நீர் கொள்ளும் ஆக்சிஜன் குறைகிறது. நீர்வாழ் உயிர்களின் ஆக்சிஜன் தேவையோ 10 டிகிரிக்கு ஏறத்தாழ இரு மடங்காகிறது. மாசும் வெப்பமும் ஒன்றையொன்று மோசமாக்கும் இடம் இதுதான். இரண்டையும் தனித்தனி ஏட்டில் எழுதுபவர்களுக்கு அது புலப்படாது.

இதே முறையைக் கொண்டு உயிர்வேதி ஆக்சிஜன் தேவையையும், அதாவது நீரிலுள்ள கரிமப் பொருளைச் சிதைக்கப் பாக்டீரியா செலவிடும் ஆக்சிஜனையும், கணிக்கலாம். ஒரே நேரத்தில் நிரப்பிய இரண்டு புட்டிகளில் ஒன்றை உடனே அளந்து, மற்றொன்றை 20 டிகிரியில், இருட்டில், 5 நாள் வைத்து அளந்தால் வரும் வேறுபாடே அது. வெப்ப நாடுகளில் 27 டிகிரியில் 3 நாள் என்ற முறையும் வழக்கிலுண்டு. இருட்டு கட்டாயம்; வெளிச்சம் பட்டால் பாசி ஆக்சிஜனை உற்பத்தி செய்து கணக்கைக் குழப்பிவிடும். நல்ல ஓடையில் வேறுபாடு 1 அல்லது 2 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஐந்தாம் நாள் புட்டியில் ஆக்சிஜனே மிச்சமில்லை என்றால், மாதிரியை நீர்த்தல் செய்து மீண்டும் தொடங்க வேண்டும். அந்த முடிவைப் பூஜ்ஜியம் என்று எழுதக்கூடாது.

எளிய மானிகளும் அவற்றின் எல்லையும்

நீரின் அமில, காரத் தன்மையை அளக்கும் பிஎச் மானியை ஒவ்வொரு முறையும் 7 மற்றும் 4, அல்லது 7 மற்றும் 10 என்ற மாறாத பிஎச் மதிப்புள்ள தாங்கல் கரைசல்களில் சரிபார்த்த பின்பே பயன்படுத்த வேண்டும். இந்த அளவுகோலில் ஓர் அலகு மாறினால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு மாறுகிறது என்பதால், 0.3 அலகு வேறுபாடு என்பது இரு மடங்கு. மாசற்ற மழைநீரும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு 5.6 அளவில் இருக்கும் என்பதை மனத்தில் கொண்டால், 6ஐக் கண்டவுடன் அமில மழை என்று பதற வேண்டியிராது. பாசி மிகுந்த ஏரியில் பிற்பகலில் பிஎச் 9ஐத் தாண்டும். ஒளிச்சேர்க்கை கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடுவதே காரணம். அங்கே அம்மோனியாவும் இருந்தால் நிலைமை அபாயகரமானது. 25 டிகிரியில் பிஎச் 7 இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் 1 விழுக்காட்டுக்கும் குறைவானதே மீனுக்கு நஞ்சாகும் வடிவத்தில் இருக்கிறது. பிஎச் 9 ஆகும்போது அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது.

மின்கடத்துதிறன் நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும். டிகிரிக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு ஏறக்கூடியது என்பதால் 25 டிகிரிக்குத் திருத்திய மதிப்பையே எழுத வேண்டும். பெரும்பாலான மானிகள் அதைத் தாமே செய்துவிடும். எந்த மதிப்பு நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. பாறையைப் பொறுத்து ஓர் ஓடையில் சென்டிமீட்டருக்கு 50 மைக்ரோசீமென்ஸும் இன்னோர் ஓடையில் 800உம் இயல்பாகவே இருக்கும். தன் வழக்கமான மதிப்பிலிருந்து திடீரென விலகுவதுதான் செய்தி. அதற்காகவே இந்த மலிவான மானி எனக்கு மிகவும் பிடித்தமானது.

இதே மானியை டிடிஎஸ் (கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்) மானி என்று பெயர் சூட்டி, குடிநீரின் தூய்மையை அளப்பதாகச் சொல்லி விற்கிறார்கள். அது மின்கடத்துதிறனை அளந்து ஒரு மாறிலியால் பெருக்கிக் காட்டுவதற்கு மேல் ஒன்றும் செய்வதில்லை. கிருமி, பூச்சிக்கொல்லி, உடலுக்குக் கேடு செய்யும் நுண்ணளவு ஈயம் ஆகிய எவையும் அதன் கண்ணில் படா. குறைந்த எண்ணைக் காட்டிய நீரைக் குடித்து நோயுற முடியும். உயர்ந்த எண்ணைக் காட்டிய நீர் வெறும் சுண்ணாம்புச் சத்து மிகுந்ததாக இருக்கவும் முடியும்.

தெளிவை அளக்க 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தகடு போதும். இத்தாலிய வானியலாளரும் பாதிரியாருமான ஆஞ்செலோ செக்கி 1865இல் மத்தியதரைக் கடலில் சோதித்துப் பார்த்த கருவி இது. ஏரிகளில் கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கால்வட்டங்கள் தீட்டிய தகட்டைப் பயன்படுத்துகிறார்கள். அளவு குறித்த கயிற்றில் கட்டி, படகின் நிழற்பக்கத்தில் இறக்கி, தகடு கண்ணுக்கு மறையும் ஆழத்தையும் மீண்டும் இழுக்கும்போது தெரியத் தொடங்கும் ஆழத்தையும் குறித்து, சராசரியை எழுத வேண்டும். காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையே, குளிர்கண்ணாடி அணியாமல் பார்ப்பது விதி. தெளிவு குறைந்திருந்தால் அது மண்ணாலா பாசியாலா என்பதை அறிய, ஒரு கண்ணாடிக் குவளை நீரை வெள்ளை வடிதாளில் வடிகட்டிப் பார்த்தால் போதும். பழுப்புக் கறையும் பச்சைக் கறையும் வெவ்வேறு கதையைச் சொல்லும்.

ஊட்டச்சத்தும் பாசியும்

நைட்ரேட், பாஸ்பேட் முடிவுகளில் குழப்பம் விளைவிப்பது வேதியியல் அன்று, அலகு. சில சோதனைப் பெட்டிகள் நைட்ரேட்டாகவும், சில அதிலுள்ள நைட்ரஜனாகவும் முடிவைத் தருகின்றன, பின்னதை 4.43ஆல் பெருக்கினால் முன்னது வரும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த வழிகாட்டு மதிப்பு நைட்ரேட்டாக 50 மில்லிகிராம். நைட்ரஜனாக அது சுமார் 11தான். அலகு தெரியாமல் 11ஐக் கண்டு மகிழ்ந்தவர்களும், 40ஐ நைட்ரஜன் என்று எண்ணி அஞ்சியவர்களும் உண்டு. பாஸ்பேட்டுக்கும் பாஸ்பரசுக்கும் இடையிலான காரணி 3.07. எந்த வடிவத்தில் எழுதினாலும், பதிவேட்டின் தலைப்பிலேயே அதைக் குறித்துவிட வேண்டும்.

நன்னீரில் பெரும்பாலும் பாசியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது பாஸ்பரஸ். 1973இல் கனடாவின் ஒண்டாரியோவில் டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும், இடை குறுகிய ஓர் ஏரியின் நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரசும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்த்த பாதி மட்டும் பச்சைக் கூழாக மாற, மற்றப் பாதி தெளிவாகவே இருந்தது. மேலிருந்து எடுத்த அந்தப் படம், பக்கம் பக்கமான விவாதத்தை முடித்துவைத்தது எனலாம். மொத்தப் பாஸ்பரஸ் லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் அளவை எட்டும்போதே ஏரி பசுமையேறத் தொடங்குகிறது என்பதால், காகிதப் பட்டைச் சோதனை இதற்குப் பயன்படாது, 0.01 வரை காட்டக்கூடிய, நிறத்தின் அடர்த்தியை அளக்கும் நிறமானி வேண்டும், அல்லது ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால், வண்டலில் இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பேட்டும் விடுபட்டு மேலே வருகிறது. கழிவு வரத்தை நிறுத்திய பின்னும் சில ஏரிகள் பல ஆண்டுகள் பச்சையாகவே கிடப்பதற்கு இதுவே காரணம்.

பச்சைச் சாயம் கொட்டியதுபோன்ற படலமோ, கரையோரம் ஒதுங்கிய நீலப்பச்சை நுரையோ தென்பட்டால், கையுறையின்றி அந்த நீரைத் தொட வேண்டாம். கால்நடையையும் நாயையும் இறங்கவிட வேண்டாம். அவை நஞ்சு சுரக்கும் சயனோபாக்டீரியாவாக இருக்கலாம். 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியில் இத்தகைய பெருக்கத்தின் நஞ்சு குழாய்நீரில் கலந்ததால், அமெரிக்காவின் டொலிடோ நகரப் பகுதியில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சில நாட்கள் குழாய்நீரைக் குடிக்கக்கூடாது என்று அறிவுறுத்தப்பட்டனர். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் இங்கே கேடானது. கொதிப்பு அந்த நஞ்சை அழிப்பதில்லை, நீர் வற்றுவதால் செறிவைக் கூட்டவே செய்யும்.

வேதியியல் ஒரு கணத்தைக் காட்டுகிறது. நீரடிப் பூச்சிகள் பல மாதங்களைக் காட்டுகின்றன. ஓடையின் அடிக்கற்களைப் புரட்டி, கீழ்ப்புறம் ஒரு கைவலையைப் பிடித்து, கிடைத்தவற்றை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்க்க வேண்டும். வயிற்றின் இருபுறமும் இறகுபோன்ற செவுள்கள் துடிக்க, பின்னே மூன்று வால் இழைகளோடு ஊரும் மே ஈக்களின் இளம்பருவமும், மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும் கேடிஸ் ஈக்களின் புழுவும், கல் ஈக்களும் பல வகைகளாகக் கிடைத்தால் அந்த ஓடை அண்மைக் காலத்தில் மூச்சுத் திணறவில்லை என்று நம்பலாம். அவை எவையும் இல்லாமல், ஹீமோகுளோபினால் சிவந்த இரத்தப்புழுக்களும் தலையை வண்டலில் புதைத்து வாலை ஆட்டும் டியூபிபெக்ஸ் புழுக்களும் மட்டுமே குவிந்திருந்தால், பகலில் மானி எவ்வளவு நல்ல எண்ணைக் காட்டினாலும் இரவில் போய் அளந்து பார்க்க வேண்டும். கவனித்த பின் பூச்சிகளை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுக.

ஓட்டத்தை அளக்காமல் சுமை தெரியாது

ஓடையானால் செறிவோடு ஓட்டத்தையும் அளக்க வேண்டும். நேராக ஓடும் 10 மீட்டர் நீளத்தைக் குறித்து, பாதி அமிழ்ந்து மிதக்கும் ஒரு மரத்துண்டை விட்டு, கடக்கும் நேரத்தைப் பலமுறை எடுத்துச் சராசரி காண வேண்டும். அது 20 விநாடியானால் மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 0.5 மீட்டர். அடியில் உராய்வால் நீர் மெதுவாகச் செல்வதால் அதை 0.85ஆல் பெருக்குகிறோம். அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 0.5 மீட்டர் என்றால், ஓட்டம் விநாடிக்கு 0.85 கன மீட்டர். நைட்ரேட் லிட்டருக்கு 6 மில்லிகிராம் இருந்தால், விநாடிக்கு 5.1 கிராம், ஒரு நாளைக்கு சுமார் 440 கிலோகிராம் நைட்ரேட் அந்த ஓடை வழியே கீழுள்ள நீர்நிலைக்குச் செல்கிறது; இதுவே சுமை.

மழைநாளில் இதே ஓடையில் செறிவு 3 ஆகக் குறைந்து, ஓட்டம் ஐந்து மடங்கானால், செறிவை மட்டும் பார்ப்பவர் நிலைமை மேம்பட்டுவிட்டது என்பார். உண்மையில் சுமை இரண்டரை மடங்காகியிருக்கும். காற்று 1 டிகிரி வெப்பமடைந்தால் அது கொள்ளக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது; அதனால் கொட்டும் மழை மேலும் கடுமையாகிறது. நிலத்தின் உரமும் சாலையின் எண்ணெயும் குப்பையும் ஆண்டின் மிகச் சில நாட்களில்தான் பெருமளவில் அடித்துக்கொண்டு வரப்படுகின்றன. எனவே மாதம் ஒருமுறை என்ற அட்டவணையோடு, நீண்ட வறட்சிக்குப் பின்வரும் முதல் மழையின் தொடக்கத்திலும் வெள்ளம் வடியும்போதும் தனியாக மாதிரி எடுப்பது அவசியம். அவற்றை வழக்கமான அளவீடுகளோடு கலந்து சராசரி காணாமல், தனி அடையாளமிட்டு வைக்க வேண்டும்.

பதிவேடு

பதிவேட்டில் அளந்த எண்ணோடு முந்திய மூன்று நாட்களின் மழை, மேகம், காற்று, நீர்மட்டம், நீரின் நிறமும் மணமும், பயன்படுத்திய மானியின் எண், கடைசியாகச் சரிபார்த்த நாள் ஆகியவை இடம்பெற வேண்டும். பொருந்தாத எண் வந்தால் அடித்துவிட்டுத் திருத்தக்கூடாது. ஒரே கோட்டால் வெட்டி, பக்கத்தில் காரணத்தை எழுத வேண்டும். விந்தையான உயர்வு ஒன்று கண்ணில் பட்டால் உடனே இரண்டாம் மாதிரி எடுத்து, ஒரே நீரை இரண்டு புட்டியாகப் பிரித்து ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, அதன் முடிவோடும் நேரம் குறித்த ஒளிப்படத்தோடும் மாசுக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பான அலுவலகத்தை அணுகினால், அந்த முறையீட்டைப் புறந்தள்ளுவது கடினம். கிருமிச் சோதனைக்கான மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும்.

நீர் வெப்பமடைகிறதா என்ற கேள்விக்கு இரண்டு மூன்று ஆண்டுப் பதிவு விடை தராது. ஆண்டுக்கு ஆண்டு வரும் இயல்பான ஏற்ற இறக்கம் அதைவிடப் பெரிது. பத்து, இருபது ஆண்டுகள் ஒரே இடத்தில், ஒரே மணியில் எடுத்த அளவீடுகள் வேண்டும். அவ்வளவு காலத்தில் கருவி பழுதாகும், ஆள் மாறும். புதிய வெப்பமானி வந்தவுடன் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டால், அவற்றுக்கிடையே உள்ள 0.4 டிகிரி வேறுபாடு பின்னாளில் காலநிலை மாற்றமாகவே தோற்றமளிக்கும். எனவே பழையதையும் புதியதையும் சில மாதங்கள் ஒரே நீரில் ஒரே நேரத்தில் வைத்துப் படித்து, இரண்டின் வேறுபாட்டையும் மாற்றிய நாளையும் பதிவேட்டில் எழுதிய பின்பே பழையதை விலக்க வேண்டும்.